லாரியில் ஏறாத புரொடக்‌ஷன்

குன்னூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இங்கே வரும் ஆங்கிலக் கடிதங்களில் நான் அதிகம் அடித்துத் திருத்தும் சொல் 'புரொடக்‌ஷன்'. மூட்டையில் இருப்பதும் புரொடக்‌ஷன், ஏக்கருக்குக் கிடைப்பதும் புரொடக்‌ஷன், ஃபேக்டரியில் நடப்பதும் புரொடக்‌ஷன். தமிழில் 'உற்பத்தி'யை வைத்தே எல்லாவற்றையும் ஒப்பேற்றும் பழக்கம்தான், வேறென்ன?

ஒரு கேரட்காரர் எழுதி வந்தது: "வீ ஆர் சென்டிங் அவர் புரொடக்‌ஷன் பை லாரி." லாரியில் புரொடக்‌ஷனை ஏற்ற முடியாது. அது ஆக்கும் வேலையின் பெயர். அல்லது அந்த வேலையில் வந்த மொத்த அளவு. "இந்த வருஷம் புரொடக்‌ஷன் குறைவு" என்றால் சரி. லாரியில் ஏறுவது 'ப்ராட்யூஸ்', அதாவது விளைபொருள். பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது முதல் அசையை அழுத்த வேண்டும். 'புரொட்யூஸ்' என்று பின்னசையை அழுத்தினால் அது வினைச்சொல். கடைசியில் இன்னொரு 'ஸ்' ஒட்டிப் பன்மையாக்குவதும் தப்பு. அரிசியை யாரும் 'அரிசிகள்' என்று அளப்பதில்லையே, அது போலத்தான்.

'புராடக்ட்' வேறு. செய்து முடித்த பொருள் அது, எண்ணலாம், பன்மையும் உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டும் ஊட்டி வர்க்கியும் புவிசார் குறியீடு பெற்றவை. பூண்டு மண்ணில் விளைந்தது, ப்ராட்யூஸ். வர்க்கி அடுப்பில் வெந்தது, புராடக்ட். கணக்கு வாத்தியார் 'புராடக்ட்' என்றால் மட்டும் பெருக்கற்பலன்.

தேயிலைக்காரர்கள் சறுக்கும் இடம் 'யீல்டு'. ஏக்கருக்கு இத்தனை கிலோ பச்சை இலை என்பது யீல்டு, நாம் சொல்லும் மகசூல். அந்த இலை ஃபேக்டரிக்குப் போய் வாடி, நசுங்கி, காய்ந்து தூளாகும்போது எடை பெரும்பாலும் ஈரமாகவே போய்விடும். ஒரு கிலோ தூளுக்கு நான்கு, நாலரை கிலோ இலை வேண்டும். இலைக்கு இத்தனை சதவீதம் தூள் என்ற அந்தக் கணக்குக்குத் தொழிலில் 'அவுட்டர்ன்' என்று பெயர். ஃபேக்டரி ஒரு நாளில் இறக்கும் தூளின் அளவு 'அவுட்புட்'. மூன்றையும் புரொடக்‌ஷன் என்றே எழுதினால், 100 கிலோ என்று படிப்பவருக்கு அது இலையா தூளா என்றே தெரியாது. விலை பேசும் கடிதத்தில் இது சின்ன விஷயமா?

'மேனுஃபேக்சர்' தூளுக்குப் பொருந்தும், செடியில் இருக்கும் கொழுந்துக்குப் பொருந்தாது. கையால் செய்வது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல்தான். ஆனாலும் கையால் பறிப்பதால் மேனுஃபேக்சர் ஆகிவிடாது!

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொரு வம்பு. நம் 'உற்பத்தி'க்குத் தோன்றுதல் என்ற பொருளும் உண்டு. டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு போர்டு அடிக்கச் சொன்னார். "பவானி ஆறு நீலகிரியில் உற்பத்தியாகிறது" என்பதை அவரே ஆங்கிலமாக்கி, "பவானி ரிவர் இஸ் புரொட்யூஸ்டு இன் நீலகிரிஸ்" என்று எழுதியிருந்தார்.

"எந்த ஃபேக்டரியில தம்பி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். 'ரைசஸ்' என்று மாற்றி அடித்துக் கொடுத்தேன்.