டர்பனில் குண்டுமல்லி: குச்சியிலிருந்து செடி வரை

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், எங்கள் அத்தை வீட்டு வாசலில் ஒரு குண்டுமல்லி இருந்தது. தைப்பூசக் காவடிக்குக் கிளம்பும்போது வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தச் செடியில் பறித்துக் கட்டிய சரத்தைத்தான் வைத்துக்கொள்வார்கள். போன வருடம் வீட்டை விற்பதென்று முடிவானது. பெயர்த்து எடுக்க முடியாத அளவுக்குச் செடி வேரோடியிருந்ததால் குச்சி வெட்டிக்கொண்டு வந்தேன். ஜூலையில் வைத்த ஒன்பதும் செத்துப்போயின. நவம்பர் தொடக்கத்தில் மறுபடி வைத்த எட்டில் ஆறு பிழைத்தன. அந்த இரண்டாவது தடவை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலம். தமிழ்நாட்டு வீடியோக்கள் எல்லாம் ஆடி, ஆவணியில் குச்சி வைக்கச் சொல்கின்றன. அங்கே அது சரி. இங்கே ஆடி என்றால் நடுக்குளிர்காலம். ராத்திரியில் 11, 12 டிகிரிக்கு இறங்கும், மழையும் இருக்காது. மல்லி அப்போது வளர்ச்சியை நிறுத்திவிடும். குச்சி வேர்விட மண் 22 முதல் 27 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். டர்பனில் அது ஐப்பசியிலிருந்து மாசி வரை, அதாவது அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று பாட்டி சொன்னதை இந்த ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

குச்சி எடுப்பது

இந்த வருடம் வளர்ந்த கிளையாக இருக்கட்டும். பச்சைத் தளிரும் வேண்டாம், பழுப்பேறிய கட்டையும் வேண்டாம். வளைத்தால் கொஞ்சம் வளைந்து பிறகு சட்டென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். முந்தின நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காலையில் வெயில் ஏறும் முன் வெட்டுங்கள். நீளம் 12 முதல் 15 சென்டிமீட்டர், மூன்று கணு. அடிக்கணுவை ஒட்டி அதற்குக் கீழே சாய்வாகவும், மேலே நேராகவும் வெட்டினால் எது தலை எது கால் என்று பிறகு குழப்பம் வராது. தலைகீழாக வைத்தால் வேர் வராது.

கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும். புது பிளேடு, அதையும் ஸ்பிரிட்டில் துடைத்து. கீழ் இலைகளை எடுத்துவிடுங்கள். மேலே இரண்டு இலை போதும், அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள்.

மண்ணும் வேர்த்தூளும்

கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. உரம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள், உப்பு வேரைக் கொன்றுவிடும்.

வேர்த்தூள் என்றால் குச்சியை வேர்விடத் தூண்டும் தூள். இங்கே டைனாரூட் என்ற பெயரில் கிடைக்கிறது. 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். மல்லிக்கு 2 எடுங்கள், அது பாதி முற்றிய தண்டுக்கானது. 1 இளந்தண்டுக்கு, 3 கட்டைக்கு. மஞ்சள்தூள், தேன், சோற்றுக்கற்றாழை எல்லாவற்றையும் முயன்றுவிட்டேன், எனக்கு எதுவும் பலன் தரவில்லை. தூளைக் கொஞ்சம் காகிதத்தில் கொட்டி, அடிநுனியைத் தொட்டு, தட்டி உதறுங்கள். டப்பாவுக்குள் நேராக விட்டால் ஈரம் பட்டு மொத்தமும் கெட்டுப்போகும். மண்ணில் பென்சிலால் குழி போட்டபிறகு குச்சியை இறக்குங்கள். அப்படியே குத்தினால் தூள் முழுக்க மேலேயே வழிந்து நின்றுவிடும்.

மேலே இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்க்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள வராந்தா போதும்.

துளிர் வந்தால் வேர் வந்ததாக அர்த்தமில்லை

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். என் முதல் குச்சிகளில் நாலு இங்கேதான் போயின. மூன்றாம் வாரம், அந்தக் குளிரிலும், கணுவில் நகம் அளவுக்குப் பச்சைத் துளிர் தெரிந்தது. சந்தோஷத்தில் எடுத்துத் தொட்டிக்கு மாற்றினேன். எடுக்கும்போதே பார்த்தேன்: அடியில் வேர் ஒன்றுகூட இல்லை, பச்சரிசி நொய் ஒட்டியதுபோல வெள்ளையாகச் சின்னச் சின்ன முண்டுகள்தான் இருந்தன. ஐந்தே நாளில் துளிர் சுருண்டு கறுத்தது.

குச்சி தன் தண்டில் சேர்த்து வைத்திருக்கும் சத்தை வைத்தே துளிர்த்துவிடும். அந்த வெள்ளை முண்டுகள் வெட்டுக்காயம் ஆறுவதன் அடையாளம். வேர் அதற்கும் பிறகுதான் வரும். நல்ல வெதுவெதுப்பிலேயே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள், புது வேர் நூல்போல அறுந்துவிடும்.

இதற்காகவே இப்போது தொட்டியை விட்டு, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டம்ளருக்கு மாறிவிட்டேன். அடியில் நாலு ஓட்டை, சுற்றிலும் கறுப்புக் காகிதம், ஏனென்றால் வேருக்கு வெளிச்சம் ஆகாது. வாரம் ஒருமுறை காகிதத்தை விலக்கிப் பார்க்கலாம். மூன்று நாலு வேர் சுவரைத் தொட்டு, இரண்டு அங்குலம் ஓடிய பிறகுதான் மாற்ற வேண்டும். அதற்கு முந்தின வாரம் பாட்டிலைப் படிப்படியாகத் திறந்து பழக்குங்கள்: முதலில் மூடி, அப்புறம் சாயங்காலம் மட்டும், பிறகு நாள் முழுக்க.

பின்னர் சேர்த்தவை

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அக்கா, குச்சியின் அடி கறுத்துக் கூழாகிறது என்று எழுதியிருந்தார். கேட்டதில், தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பாட்டிலின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் தண்ணீரே தேவையில்லை. மண்ணைப் பிழிந்தால் ஒரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. கறுத்த குச்சியை உடனே எடுத்து எறியுங்கள், பக்கத்துக் குச்சிக்கும் பரவும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் குளிர்காலத்தில் உறைபனி விழும் என்பதால், டிசம்பருக்குள் வைத்துவிட்டால் குளிருக்கு முன் செடி தேறிவிடும்.

செடி உங்களுடையதாகவே இருந்தால் குச்சியே வேண்டாம், பதியன் போடுங்கள். தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவை மண்ணில் புதைத்து, மேலே கல்லை வைத்தால் போதும். தாயிடமிருந்தே சாப்பாடு வருவதால் சாகாது. என்னைப்போல் விட்டுப்போக வேண்டிய செடிக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

கறிவேப்பிலைக்கும் இதே முறையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கறிவேப்பிலைக் குச்சி லேசில் வேர்விடாது. மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளைப் பாருங்கள். ஒரு சாண் உயரம் வந்ததும், தாய்வேரோடு இணையும் இடத்தில் மண்வெட்டியால் வெட்டி, ஒரு மாதம் அங்கேயே விட்டு, அதன்பிறகு மண்ணோடு தோண்டி எடுங்கள்.