பழைய காரும் முதல் வின்ரரும்: ஒக்டோபரில் தொடங்க வேண்டிய வேலைகள்

கனடாவுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் வாங்குவது பதினைந்து வருடம் ஓடிய ஒரு கொரோலா, இல்லாவிட்டால் ஒரு சிவிக். இரண்டு லட்சம் கிலோமீற்றர் தாண்டியிருக்கும், கதவுக்குக் கீழே கொஞ்சம் கறள் பிடித்திருக்கும், ஆனால் கோடை முழுக்க ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். பிறகு ஜனவரியில் ஒரு விடியப்புறம் மைனஸ் 20 வரும். திறப்பைத் திருப்பினால் "டிக், டிக், டிக்" என்ற சத்தம் மட்டும்தான்.

ஸ்காபரோவில் நான் ஓட்டிய முதல் கார் 2005ஆம் ஆண்டுக் கொரோலா. முதல் வின்ரரில் மூன்று தடவை என் காலை வாரியது. மூன்று தடவையும் எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை. ஒரு தடவை பற்றரி, ஒரு தடவை கண்ணாடி கழுவும் தண்ணி, ஒரு தடவை ஹாண்ட்பிறேக். மூன்றையும் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பார்த்து முடித்திருக்கலாம். அதனால் கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்காக, எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. பற்றரி

குளிரில் பற்றரிக்குள் நடக்கும் இரசாயன வேலை மந்தமாகிவிடும். 0 பாகையில் ஸ்ராட் பண்ணும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மைனஸ் 18இல் பாதிக்கும் மேல் போய்விடும். அதே நேரம் எஞ்சின் ஒயில் பாகு மாதிரி இறுகுவதால் எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிடக் கூடப் பலம் வேண்டும். ஓகஸ்டில் "பரவாயில்லை" என்றிருந்த பற்றரி ஜனவரியில் செத்துப் போவது இதனால்தான்.

முதலில் வயதைப் பாருங்கள். பற்றரியின் மேல் மாதமும் வருடமும் போட்ட ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். நாலு வருடம் தாண்டியிருந்தால் சோதிக்க வேண்டும். உதிரிப்பாகக் கடைகள் பலவற்றில் காசு வாங்காமலே சோதித்துத் தருவார்கள். வீட்டில் ஒரு வோல்ட்மீற்றர் இருந்தால், இரவு முழுக்க நின்ற காரில் விடிய ஸ்ராட் பண்ண முன் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதிதான், வின்ரருக்குப் போதாது. புதிது வாங்கினால் அதில் எழுதியிருக்கும் சிசிஏ எண்ணைக் கவனியுங்கள். மைனஸ் 18 பாகையில் அது கொடுக்கக்கூடிய மின்னோட்டம் அது. காரோடு வந்த கையேட்டில் சொன்ன எண்ணைவிடக் குறைந்ததை விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

சில நேரம் பற்றரி நன்றாகவே இருக்கும், முனைகள்தான் பிழை. வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்தது போல ஒரு படிவு ஏறியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள், சிவப்பை அடுத்து. ஒரு கோப்பை சுடுதண்ணியில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு கழன்று வரும். வடிவாகத் துடைத்துக் காயவிட்டு, சிவப்பை முதலிலும் கறுப்பைக் கடைசியிலும் பூட்டுங்கள். வரிசை மாறினால் ஸ்பனர் கார் உடம்பில் முட்டிப் பொறி பறக்கும்.

டிக்கியில் ஜம்பர் கேபிள் எப்போதும் இருக்கட்டும். பூட்டும் வரிசை இது: சிவப்பின் ஒரு முனை செத்த பற்றரியின் பிளஸில், மறுமுனை நல்ல பற்றரியின் பிளஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பற்றரியின் மைனஸில், கடைசி முனை செத்த காரின் எஞ்சினில் பெயின்ற் இல்லாத ஓர் இரும்புத் துண்டில். பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு கசியும், அதற்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதால்தான் கடைசி முனையைத் தள்ளிப் பூட்டுகிறோம். பற்றரி வீங்கியோ உறைந்தோ இருந்தால் கேபிளைத் தொடவே வேண்டாம். நிறைந்த பற்றரி கனடாக் குளிரில் உறையாது, ஆனால் வெறுமையான பற்றரி மைனஸ் 10 அளவிலேயே உறைந்துவிடும்.

2. ரயர்

"இந்தக் கார் விலைக்கு வின்ரர் ரயரா?" என்று கேட்காத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. காரின் விலையை மறந்துவிடுங்கள். சாதாரண ரயரின் றப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். "ஓல் சீசன்" என்று எழுதியிருப்பதை மூன்று சீசன் என்று வாசித்துக்கொள்ளுங்கள். வின்ரர் ரயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் உள்ள அடையாளம் இருக்கும். அதைத் தேடுங்கள்.

நாலு சில்லுக்கும் போட வேண்டும். முன் இரண்டுக்கு மட்டும் போட்டால் வளைவில் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு உங்களை முந்தப் பார்க்கும்.

பாவித்த ரயர் வாங்கலாம், பிழையில்லை. இரும்பு றிம்மோடு வருவதாக எடுத்தால் ஒவ்வொரு வருடமும் றிம்மில் மாற்றிப் பூட்டும் கூலி மிச்சம். ஆனால் வயதைப் பார்த்து வாங்குங்கள். ரயரின் பக்கத்தில் உள்ள நீண்ட குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் 3519 என்றிருந்தால், அது 2019இன் 35ஆவது வாரத்தில் செய்தது. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தால் ஸ்னோவில் உதவாது.

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016இலிருந்து, வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுத்தாக வேண்டும். நீங்கள் வாய் திறந்து கேட்டால்தான் வரும்.

காற்றும் குளிரில் சுருங்கும். வெப்பம் ஐந்தாறு பாகை இறங்கினால் ரயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் குறையும். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்ரிக்கரில் உண்டு. ரயரிலேயே எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய ஆகக்கூடிய அளவு, அதைப் பார்த்து நிரப்பாதீர்கள். ரயர் மாற்றி நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை ஒருதரம் இறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

3. தண்ணி, ஒயில், கூலன்ட்

401 ஹைவேயில் ஒரு ட்ரக்கின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வீதியில் உருகிய ஸ்னோவும் உப்பும் கலந்த சேறு. அது முன்கண்ணாடியில் தெறித்துக் காய்ந்து சுண்ணாம்பு பூசியது போலாகிவிட்டது. கண்ணாடி கழுவும் பிடியை இழுத்தேன். மோட்டார் சத்தம் கேட்டது, தண்ணி வரவில்லை. கோடையில் ஊற்றிய திரவம் குழாய்க்குள்ளேயே உறைந்து போயிருந்தது. வைப்பர் சேற்றை இன்னும் வடிவாகப் பூசிவிட்டது. பக்கக் கண்ணாடியால் தலையை வெளியே நீட்டிக்கொண்டு அடுத்த எக்ஸிற்றில் இறங்கினேன். நீங்கள் ஒக்டோபரிலேயே பழையதை அடித்துத் தீர்த்துவிட்டு, மைனஸ் 40 என்று எழுதிய நீல நிறத் திரவத்தை ஊற்றுங்கள். ஒரு கான் டிக்கியில் மேலதிகமாகக் கிடக்கட்டும்.

கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். அதில் பாதி அன்ரிஃபிறீஸ் (உறையாமல் தடுக்கும் திரவம்), பாதி காய்ச்சி வடித்த தண்ணி. இந்தக் கலவை மைனஸ் 37 அளவு வரை உறையாது. கூட ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்துத் தனி அன்ரிஃபிறீஸை நிரப்புபவர்கள் இருக்கிறார்கள். தனியாக இருந்தால் அது மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். பழைய சொந்தக்காரர் கோடையில் வெறும் தண்ணி விட்டு ஓடியிருக்கவும் கூடும், ஆகவே சின்னச் சோதிப்பான் ஒன்றால் கட்டாயம் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. சிந்தினால் உடனே துடையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் பூனை நக்கும், நக்கினால் சாகும்.

ஒயில், கையேட்டில் சொன்னதுதான். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்பது வின்ரரைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் இலகுவாக ஓடும். வின்னிபெக், எட்மன்டன் பக்கம் இருப்பவர்கள் எஞ்சினைச் சூடாக்கும் பிளொக் ஹீற்றரும் போட்டு இரவில் பிளக்கில் செருகிவைப்பார்கள். ரொறன்ரோவில் அது இல்லாமலே சமாளிக்கலாம்.

4. அடிப்பக்கம்

கனடாவில் பழைய காரைக் கொல்வது குளிரை விட, ஐஸ் உருக வீதியில் போடும் உப்புத்தான். அதுதான் அடிப்பக்கத்தைக் கறள் பிடிக்க வைக்கும். வின்ரர் தொடங்க முன் அடிப்பக்கத்துக்கு எண்ணெய் ஸ்ப்றே அடிப்பியுங்கள், வருடா வருடம். காரைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போதே இரண்டு விஷயத்தைக் காட்டச் சொல்லுங்கள்: பிறேக் குழாய்கள், புகைக்குழாய். பிறேக் குழாய் கறளில் வெடித்தால் பெடல் நிலத்துக்குப் போகும். புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால் காபன் மொனொக்சைட் காருக்குள் ஏறும். மணமில்லாத வாயு, தலையிடியும் நித்திரையும்தான் முதலில் வரும்.

ஹாண்ட்பிறேக் கதை சின்னது. மழை பெய்த பின்னேரம் இழுத்துவிட்டேன். இரவு உறைந்தது. விடிய கார் நகர்ந்தது, ஆனால் பின்சில்லு ஒன்று சுழலாமல் ஸ்னோவில் கோடு கீறிக்கொண்டு வந்தது. கேபிளுக்குள் தண்ணி புகுந்து உறைந்திருந்தது. ஓட்டோமற்றிக் கார் என்றால் சமதரையில் "பி" போதும். சரிவு என்றால் நிறுத்தவே வேறு இடம் தேடுங்கள்.

5. விடியக்காலை

கதவு றப்பர்களுக்கு முன்கூட்டியே சிலிக்கன் ஸ்ப்றே அடித்திருந்தால் கதவு ஒட்டாது. முன்கண்ணாடியில் ஐஸ் இருந்தால் சுரண்டுங்கள். சுடுதண்ணி ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். கூரையில் உள்ள ஸ்னோவையும் தள்ளிவிடுங்கள். அப்படியே விட்டால் முதல் பிறேக்கில் முழுவதும் முன்கண்ணாடிக்கு வழுக்கி வரும். புகைக்குழாய் வாய் ஸ்னோவில் மூடியிருக்கிறதா என்று ஸ்ராட் பண்ண முன்பே பார்க்க வேண்டும்.

பத்து நிமிடம் நிறுத்திவைத்துச் சூடாக்குவது காபுரேற்றர் காலத்துப் பழக்கம். ஒரு நிமிடம் போதும். ரொறன்ரோவில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்றே நகரச் சட்டம் இருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் தானாகச் சூடேறும்.

கண்ணாடி உள்ளே ஆவி பிடித்தால் சூட்டோடு ஏசியையும் போடுங்கள். குளிரில் ஏசியா என்று சிரிக்க வேண்டாம், அதுதான் ஈரத்தை உறிஞ்சும். உட்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் ஆவி போகாமல் உள்ளே இனிப்பு மணம் அடித்தால், ஹீற்றரிலிருந்து கூலன்ட் கசிகிறது. மெக்கானிக்கிடம் போங்கள்.

6. வீதியில்

முன்விளக்கைக் கையால் போடுங்கள். கனடாவில் 1990 மொடல்களிலிருந்து பகல் விளக்கு தானாக எரியும், ஆனால் பழைய கார்களில் அப்போது பின்விளக்கு எரியாது. முன்னுக்கு வெளிச்சம் தெரிவதால் எல்லாம் எரிகிறது என்று நினைத்துவிடுவீர்கள். ஸ்னோ கொட்டும்போது பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

உங்கள் கார் 2011 செப்டெம்பருக்கு முன் செய்ததென்றால், வழுக்கும்போது தானாகத் திருத்தும் வசதி இல்லாமல் இருக்கலாம். அப்போது வேகத்தைக் குறைப்பதுதான் ஒரே வசதி. முன்காருக்கும் உங்களுக்கும் வழமையான இடைவெளியை இரண்டு மூன்று மடங்காக்குங்கள். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குறூஸ் கொன்ட்றோல் வேண்டாம். பாலங்களில் கவனம். கீழும் மேலும் காற்று படுவதால் வீதி ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும், அந்த ஐஸ் கண்ணுக்குக் கறுப்பு வீதி போலத்தான் இருக்கும்.

வழுக்கினால் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து ஸ்ரியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். தூண் ஒன்றைப் பார்த்தால் தூணுக்குத்தான் போவீர்கள். பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார் என்றால் பிறேக்கை அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். காலுக்கடியில் கடகடவென்று அதிரும், பயந்து எடுத்துவிடாதீர்கள். ஏபிஎஸ் இல்லை என்றால் விட்டு விட்டு அழுத்துங்கள். முதல் ஸ்னோ விழுந்த பிறகு ஆளில்லாத ஒரு பார்க்கிங்கில் மெதுவான வேகத்தில் இதைச் செய்து பாருங்கள்.

பெற்றோல் ராங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஹைவேயில் விபத்தால் இரண்டு மணித்தியாலம் அடைபட்டால் ஹீற்றருக்குப் பெற்றோல் வேண்டும். புறப்பட முன் ஒன்ராறியோ 511 என்ற வீதித் தகவல் சேவையில் வீதி நிலையைப் பார்க்கலாம். டிக்கியில் ஒரு சவள், போர்வை, ரோர்ச், பூனை மண் (வீட்டுப் பூனை மலசலம் கழிக்கப் பெட்டியில் போடும் மண்) ஒரு பை. சில்லு புதைந்தால் அந்த மண்ணைச் சில்லுக்கு முன்னால் தூவி மெதுவாக வெளியே வரலாம்.

ஏப்ரலில் ரயரைக் கழற்றும்போது ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் எந்த இடத்தில் ஓடியது என்று சோக்கால் எழுதிவையுங்கள். அடுத்த ஒக்டோபரில் முன்னையும் பின்னையும் மாற்றிப் பூட்ட அது தேவைப்படும்.