சட்ஜத்தை நகர்த்துங்கள்: ஒரு சுருதியில் எழுதிய கார்டுகளை மற்றொரு சுருதிக்கு மாற்றும் முறை

மொரீசியசில் தைப்பூசக் காவடிக்கான விரத நாட்கள் நெருங்கும்போது, கோயில்களில் பாடும் குழுக்களுக்குள் ஆண்டுதோறும் ஒரே சிக்கல் எழுகிறது. கிட்டார் வாசிக்கும் தம்பி பாட்டைத் தோ மேஜரில் பழகி வந்திருப்பான். பாட வந்த அக்காவோ தமக்கு 2 கட்டைச் சுருதிதான் ஒத்துவரும் என்பார். தோ, ரே, மி என்று பிரெஞ்சு முறையில் கற்றவனுக்குக் கட்டைக் கணக்கு தெரியாது. கர்நாடக சங்கீதம் பயின்றவருக்கு லா மைனர் என்றால் விளங்காது. இருவரும் பேசுவது அதே பன்னிரண்டு சுரத்தானங்களைப் பற்றித்தான் என்பதால், இரண்டு கணக்குகளையும் இணைத்துவிட்டால் சுருதி மாற்றம் எளிதாகிவிடும்.

முதற்படி, பெயர்களைப் பொருத்துவது. கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் தோ என்பது 1 கட்டை, ரே 2, மி 3, ஃபா 4, சோல் 5, லா 6, சி 7. கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½ ஆகும். மி, ஃபா ஆகியவற்றுக்கு நடுவிலும், சி, மேல் தோ ஆகியவற்றுக்கு நடுவிலும் கறுப்புக் கட்டை இல்லாததால் 3½, 7½ என்பவை கிடையா. ஆகவே கட்டை எண்களைக் கழித்துத் தொலைவைக் கணக்கிடக் கூடாது: அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு (கறுப்பையும் சேர்த்து) இடைப்பட்ட தொலைவை அரைச்சுரம் என்று கொண்டால், 1 கட்டையிலிருந்து 3 கட்டை வரை நான்கு அரைச்சுரங்கள் உள்ளன, 3 கட்டையிலிருந்து 5 கட்டை வரை மூன்றுதான். நம் தீவுக்கே உரிய இன்னொரு குழப்பமும் உண்டு. ஆங்கில எழுத்து முறையில் 'சி' எனப்படுவது பிரெஞ்சு முறையின் தோ. பிரெஞ்சு முறையின் சி, ஆங்கிலத்தில் 'பி'. இணையத்திலிருந்து எடுத்த கார்டுத் தாளை (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுதி) வாசிக்கும்முன் அது எந்த முறையில் எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை முழுவதும் பிரெஞ்சுப் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

அடுத்தது பாட்டின் சட்ஜத்தை, அதாவது அடிப்படைச் சுரமான ச என்பதை, கண்டுபிடிப்பது. பிரெஞ்சு முறையில் தோ என்பது எப்போதும் ஒரே கட்டையில் இருக்கும். நம் முறையில் ச என்பது பாடுபவரின் குரலுக்கேற்ப எந்தக் கட்டைக்கும் போய் அமரும். சுருதி மாற்றத்துக்கு வேண்டிய அறிவு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது. சிறு வயதிலிருந்து சுருதிப் பெட்டி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஏற்கெனவே காதில் பதிந்த செய்தி. பெரும்பாலான பாட்டுகளில் பல்லவி முடிந்து குரல் அமைதியாக வந்து நிற்கும் இடமே ச. அங்கு ஒலிக்கும் கார்டு பெரும்பாலும் ச மேல் அமைந்ததாகவே இருக்கும்.

மூன்றாவதாக, கார்டுகளின் பெயரை அழித்துவிட்டுச் சுரங்களாக எழுதுங்கள். மேஜர் சுரவரிசை என்பது நம் சங்கராபரணத்தின் சுரங்களே. சட்ஜத்திலிருந்து ரி இரண்டு அரைச்சுரங்கள், க நான்கு, ம ஐந்து, ப ஏழு, த ஒன்பது, நி பதினொன்று தள்ளி நிற்கும். இவற்றின் மேல் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரங்களை அடுக்கிக் கார்டு கட்டினால் ச, ம, ப மூன்றும் மேஜராகவும், ரி, க, த மூன்றும் மைனராகவும் வரும். நி மேல் வருவது டிமினிஷ்டு, அது பக்திப் பாடல்களில் அரிதாகவே தேவைப்படும். தம்பியின் தாளில் தோ, லா மைனர், ஃபா, சோல் என்று இருப்பதாகக் கொள்வோம். ச தோவில் இருப்பதால் அது ச, த மைனர், ம, ப என்றாகிறது. இப்போது அந்தத் தாள் எந்தச் சுருதிக்கும் பொருந்தும்.

நான்காம் படியில் புதிய சட்ஜத்தை வைத்து மீண்டும் பெயரிடுங்கள். 2 கட்டை என்றால் ச ரேயில் அமரும். கார்டுகள் ரே, சி மைனர், சோல், லா. 4 கட்டைக்கு ஃபா, ரே மைனர், சி பெமோல் (பெமோல் என்றால் ஓர் அரைச்சுரம் தாழ்ந்தது), தோ. இங்கே பலரும் சி பெமோல் என்பதற்குப் பதில் லா தியேஸ் (ஓர் அரைச்சுரம் உயர்ந்த லா) என்று எழுதிவிடுகிறார்கள். அழுத்தும் கட்டை ஒன்றுதான் என்றாலும், ஃபாவிலிருந்து ஏறும் வரிசையில் லா ஏற்கெனவே க ஆகிவிட்டதால் நான்காவது சுரத்துக்கு சி என்ற பெயரே உரியது. ஏழு சுரங்களுக்கும் ஏழு பெயர்களும் ஒரு முறைதான் வர வேண்டும்.

மேஜர் மேஜராகவும், மைனர் மைனராகவும், பெயரில் 7 என்ற எண் சேர்ந்த கார்டு அந்த எண்ணுடனும் அப்படியே நிற்கும். மாறுவது இடம் மட்டுமே. சங்கராபரணத்துக்கு வெளியிலிருந்து ஒரு கார்டு வந்தால் அரைச்சுரங்களை எண்ணினால் போதும். தோவில் வரும் சி பெமோல் சட்ஜத்திலிருந்து பத்தாவது அரைச்சுரம், அதாவது கைசிகி நிஷாதம். ரேயில் அது தோ மேஜர் ஆகும்.

எல்லா ராகத்துக்கும் கார்டு வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மோகனத்தில் ம, நி இரண்டும் இல்லாததால், ராகத்துக்குள்ளேயே அடங்கும் மூன்று சுரக் கார்டுகள் ச மேஜரும் த மைனரும் மட்டுமே. அவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். கமகம் எனும் சுர அசைவு செறிந்த தோடி போன்ற ராகங்களில் சுருதி மட்டும் ஒலித்தால் போதும்.

கீபோர்டில் இருக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இந்த வேலையை உடனே செய்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு முறை, முந்தைய பாட்டுக்கு நான் ஏற்றி வைத்த இரண்டு அரைச்சுரங்களை இறக்க மறந்துவிட்டு, கிட்டார் ஒரு சுருதியிலும் நான் வேறு சுருதியிலுமாக முதல் வரி முழுவதையும் வாசித்துத் தீர்த்தேன். அன்றிலிருந்து பொத்தானைத் தொடுவதில்லை. கிட்டாரின் கழுத்தில் பூட்டும் கேப்போ என்ற கவ்வி இன்னும் நம்பகமானது, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும். கிட்டாரின் ஒரு கட்டம் (ஃப்ரெட்) ஓர் அரைச்சுரம் என்பதால், இரண்டாம் கட்டத்தில் அதைப் பூட்டித் தோ கார்டுகளைப் பிடித்தால் ஒலிப்பது ரே.

பயிற்சிக்கு, அதே ச, த மைனர், ம, ப வரிசையை 5½ கட்டைக்கு மாற்றிப் பாருங்கள். லா பெமோல், ஃபா மைனர், ரே பெமோல், மி பெமோல் என்று வர வேண்டும். இவை கிட்டாரில் விரலுக்குக் கடினமாக இருந்தால், கேப்போவை முதல் கட்டத்தில் பூட்டிவிட்டு சோல், மி மைனர், தோ, ரே என்று வாசியுங்கள்.