மலிவான லாக்கரை முன் ஆக்சிலில் மாட்டுங்கள்

தினமும் ஓட்டும் நான்கு சக்கர இயக்க வண்டிக்குக் குறைந்த செலவில் டிஃபரன்ஷியல் லாக்கர் (ஒரு சக்கரம் வழுக்கும்போது ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு) வேண்டுமென்றால், ‘லஞ்ச்பாக்ஸ்’ வகைத் தானியங்கி லாக்கர் ஒன்றை வாங்கி முன் ஆக்சிலில் பொருத்துங்கள். பின் ஆக்சிலைத் தொடவேண்டாம்.

இந்த வகை லாக்கர், டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களின் இடத்தில் மட்டும் உட்காருகிறது. ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுவரும் கிரௌன், பினியன் பற்சக்கரங்களின் இடைவெளியை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டியதில்லை. பெரிய செலவே அந்தக் கூலிதான். பின்னால் பொருத்தினால் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘டக் டக்’ என்ற சத்தம், டயர் தேய்மானம், ஈரச் சாலையில் வால் வழுக்கும் பயம் எல்லாம் கூடவே வரும். முன்னால் இருந்தால், சாலையில் ஹப்புகளை (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பகுதிகளை) விடுவித்தவுடன் சக்கரங்கள் தனியாகச் சுழல்கின்றன. ஆக்சில் சும்மா கிடக்கிறது. லாக்கர் இருப்பதே தெரியாது.

எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிக்கும், விடுவிக்கக்கூடிய ஹப் இல்லாத வண்டிக்கும் இது பொருந்தாது. பனிச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டுபவர்களும் தவிர்க்கவேண்டும், ஸ்டியரிங் கனத்து ஒரு பக்கம் இழுக்கும். செங்குத்தான ஏற்றமே உங்கள் வேலை என்றால், எடை பின்னால் சாய்வதால் பின் லாக்கர்தான் அதிகம் உதவும். அதற்குக் கொஞ்சம் பணம் சேர்த்து, சுவிட்ச் போட்டுப் பூட்டும் வகையையே வாங்குங்கள். முன் லாக்கருடன் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள். முதலில் உடைவது ஆக்சில் மூட்டுதான்.