அண்ணீரகச் சோதனை அறிக்கையை வாசிப்பது எப்படி?

காலையில் எடுத்த இரத்தத்தில், அண்ணீரகம் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைவாக இருக்கிறது என்று ஆய்வக அறிக்கை சொன்னால், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அண்ணீரகச் சுரப்பிகள் பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வரும் பெப்டைடுகளின் (சிறு அமினோ அமிலச் சங்கிலிகளின்) ஏவலுக்கு இணங்கியே சுரக்கின்றன. ஆகவே ஏவல் வரவில்லையா, வந்தும் சுரப்பியால் செய்ய முடியவில்லையா என்று பிரித்தறிவதே அறிக்கையை வாசிப்பவரின் முதல் வேலை.

அதற்கு, சுரப்பியின் எந்தப் பகுதி எதற்குக் கட்டுப்பட்டது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியின் வெளியடுக்கு, உப்பையும் பொட்டாசியத்தையும் சீராக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதை முதன்மையாகத் தூண்டுபவை 8 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் II என்ற பெப்டைடும் இரத்தத்திலுள்ள பொட்டாசியமும் ஆகும். இதயத்தின் மேலறைகளிலிருந்து வரும் நேட்ரியூரெட்டிக் பெப்டைடு அதை அடக்குகிறது. கார்ட்டிசாலைச் சுரக்கும் நடுவடுக்கும், ஆண்ட்ரோஜன்களைச் சுரக்கும் உள்ளடுக்கும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் ஏசிடிஎச் என்ற பெப்டைடுக்குக் கட்டுப்பட்டவை. அட்ரினலினைச் சுரக்கும் உட்பகுதியான அகணிக்கோ நரம்பே எசமான். அங்கே அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தியோடு பாகாப் என்ற பெப்டைடும் நரம்பு முனைகளிலிருந்து வெளிப்படுகிறது. நெருக்கடி நீடிக்கும்போது சுரப்பு தளராமல் இருக்க அது துணைபுரிகிறது என்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. கார்ட்டிசால் அறிக்கைக்கு அகணி தேவைப்படாது என்பதால் அதை இங்கேயே விட்டுவிடலாம்.

ஏசிடிஎச் 39 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து வரும் 41 அமினோ அமிலங்கள் கொண்ட சிஆர்எச் என்ற பெப்டைடு, வாசோபிரெசின் என்ற இன்னொரு ஹார்மோனின் துணையோடு, அதைப் பிட்யூட்டரியிலிருந்து வெளியேற்றுகிறது. இரத்தத்தின் வழியே வரும் ஏசிடிஎச் புறணிச் செல்லின் ஏற்பியில் இணைந்ததும் செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு உயர்கிறது; அதன் விளைவாக ஸ்டார் என்ற புரதம் கார்ட்டிசாலின் மூலப்பொருளான கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குக் கொண்டு சேர்க்கிறது. கார்ட்டிசால் செல்லுக்குள் சேமித்து வைக்கப்படுவதில்லை, ஏவல் வந்த பின்னரே புதிதாகத் தயாராகிறது. பின்னால் வரும் தூண்டல் சோதனையில் அரைமணி நேரம் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடிப்படை மாதிரியைக் காலை 8 மணியளவில் எடுக்க வேண்டும். அப்போதுதான் கார்ட்டிசால் உச்சத்தை ஒட்டி இருக்கும். கார்ட்டிசால் நிலையான மூலக்கூறு, அவ்வளவு எளிதில் கெடாது. ஏசிடிஎச் அப்படியன்று. அதை இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் சேகரித்து, பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால் பெப்டைடு சிதைந்து பொய்யான குறைவு தெரியும். நோயாளியின் நிலையோடு பொருந்தாத ஏசிடிஎச் எண்ணைக் கண்டால், நோயைச் சந்தேகிப்பதற்கு முன் குழாய் எப்படி வந்து சேர்ந்தது என்று விசாரிப்பது நல்லது.

அடுத்தது தூண்டல் சோதனை. ஏசிடிஎச்சின் முதல் 24 அமினோ அமிலங்களிலேயே அதன் முழுச் செயலும் அடங்கியிருப்பதால், அந்தப் பகுதியை மட்டும் செயற்கையாகச் செய்த மருந்தில் 250 மைக்ரோகிராம் செலுத்தி, 30 மற்றும் 60 நிமிடங்களில் கார்ட்டிசாலை அளக்கிறார்கள். டெசிலிட்டருக்கு 18 மைக்ரோகிராமைத் தாண்டினால் இயல்பு என்பது பழைய வரம்பு. இன்றைய துல்லியமான கருவிகளில் அது 14 அல்லது 15 அளவுக்கு இறங்கியிருப்பதால், உங்கள் ஆய்வகம் எந்த முறையைக் கையாள்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எண்களைச் சேர்த்து வாசியுங்கள். காலைக் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழும் ஏசிடிஎச் மேல்வரம்பின் இரு மடங்குக்கு மேலும் இருந்தால், ஏவல் உரக்க ஒலித்தும் சுரப்பி செயலற்றுக் கிடக்கிறது என்று பொருள்; 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்த நோய் இதுவே. இந்தியாவில் இதற்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். மிகையான ஏசிடிஎச் நிறமிச் செல்களையும் தூண்டுவதால் உடல் கருக்கும். நம் மாநிறத்தில் அது எளிதில் தப்பிவிடும் என்பதால் ஈறு, உட்கன்னம், உள்ளங்கை ரேகைகளைப் பார்க்க வேண்டும். மாறாக, கார்ட்டிசால் குறைந்திருந்தும் ஏசிடிஎச் உயராமல் இருந்தால் குறை பிட்யூட்டரியிலோ அதற்கு மேலோ உள்ளது. இந்த நிலையில் ஆஞ்சியோடென்சினின் ஏவல் தடைபடாததால் ஆல்டோஸ்டீரோன் பெரும்பாலும் காக்கப்படுகிறது. எனவே ஆல்டோஸ்டீரோன் குறைந்ததைக் காட்டும் ரெனின் (ஆஞ்சியோடென்சின் உருவாக வழிசெய்யும் சிறுநீரக நொதி) உயர்வும் பொட்டாசியம் உயர்வும் தென்பட்டால் சுரப்பியையே சந்தேகியுங்கள்.

சில பொறிகளும் உண்டு. பிரெட்னிசோலோன் பல கருவிகளில் கார்ட்டிசாலாகவே கணக்கிடப்படும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி மொத்த அளவை உயர்த்திக் காட்டும். பிட்யூட்டரி அறுவை முடிந்த சில வாரங்களுக்குள் தூண்டல் சோதனை செய்தால், அண்ணீரகம் இன்னும் சுருங்காததால் இயல்பான விடை கிடைத்து ஏமாற்றும். நீண்ட காலம் ஸ்டீராய்டு உட்கொண்டவரிடம் ஏசிடிஎச் அடங்கிப்போய்ச் சுரப்பியும் சுருங்கியிருக்கும். அதனால் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

இவ்வளவு நிதானமும் நோயாளி நிலையாக இருக்கும்போதுதான். இரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியோடு மயங்கி வந்தவரிடம் அண்ணீரக நெருக்கடி என்ற ஐயம் எழுந்தால், கார்ட்டிசாலுக்கும் ஏசிடிஎச்சுக்கும் இரத்தத்தை எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனையும் உப்புநீரையும் மருத்துவர் உடனே தொடங்கிவிடுவார். அறிக்கையைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.