65% என்று பார்த்து நான் தாண்டிப்போன விளம்பரங்கள்

எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தபடியே ஐரோப்பாவில் பணத்தோடு கூடிய பிஎச்.டி. தேடினேன். மூன்று வாரம் 'ஸ்காலர்ஷிப்' என்றே தேடியதில் வந்ததெல்லாம் பெரும்பாலும் முதுகலைக்கானவை. பிறகு ஒரே கடிதத்தை நாற்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். இரண்டே பதில், இரண்டும் 'இடமில்லை'.

ஜெர்மனியில் இருக்கும் சீனியர் அக்காதான் போனில் சொன்னார்: "ஸ்காலர்ஷிப்னு தேடாதப்பா, வேலைன்னு தேடு." அங்கே முனைவர் பட்ட மாணவர் பல இடங்களில் சம்பளம் வாங்கும் ஊழியர். அதனால் இடங்கள் யூராக்ஸெஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைவாய்ப்புத் தளத்திலும் பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பக்கங்களிலும் வருகின்றன.

அப்போதுதான் உறைத்தது. 'டிவி-எல் இ13, 65%' என்ற விளம்பரங்களை, செலவில் ஒரு பகுதிதான் தருவார்கள் போல என்று நான் தாண்டிப்போயிருந்தேன். டிவி-எல் என்பது ஜெர்மன் மாநில அரசுப் பணிகளுக்கான சம்பள ஒப்பந்தம். இ13 என்பது அதில் ஒரு சம்பளப் படிநிலை. 65% என்பது முழுநேர வேலையில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அது அங்கே வழக்கமான பிஎச்.டி. சம்பளம்தான்!

ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் பிஎச்.டி. திட்டமான மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் இடங்களுக்குத் தனி விதி: சேரும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஊரை விட்டு நகராத எனக்கு அதில் சிக்கலே இல்லை.

ஆய்வகத்துக்கு ஒரு கடிதமாகப் புதிதாக எழுதி ஏழு விண்ணப்பம் போட்டேன். இரண்டு நேர்காணல் வந்திருக்கிறது. பெரிய நிம்மதி.