ஓர் ஏ4 தாளில் எட்டுப் பக்கம்: வகுப்புப் பத்திரிகை போடுவது எப்படி?

மும்பையில் தாராவிப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்வழிப் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் போய்வருகிறேன். மொத்தம் 65 பிள்ளைகள். மைதானம் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடம்தான் நூலகம், கேரம் அறை, தோட்டம் எல்லாம். "இவ்வளவு சின்ன ஸ்கூல்ல என்ன டீச்சர் நியூஸ் இருக்கு?" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். இப்போது அவன்தான் பத்திரிகையின் தலைமை நிருபர். இடம் போதவில்லை என்று மாதாமாதம் என்னோடு சண்டை பிடிக்கிறான்.

பத்திரிகையின் பெயர் 'டப்பா'. சாப்பாட்டு டப்பாவில் இருந்து வந்த பெயர். நான் 'தமிழ் மலர்', 'இளந்தளிர்' என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், ஒரு கை கூட உயரவில்லை.

உங்கள் வகுப்பிலோ, வார இறுதித் தமிழ் வகுப்பிலோ இதைச் செய்யக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஏ4 தாள், கறுப்பு ஜெல் பேனா, வெளிர்நீலக் கலர் பென்சில், ஸ்கேல், கத்தரிக்கோல், பசைக்குச்சி, பக்கத்துத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் போதும். ஒரு தாள் ஒரு குட்டிப் புத்தகம் ஆகிவிடும். ஸ்டேப்ளரும் தேவையில்லை.

முதலில் வெறுந்தாளை மடித்துப் பழகுங்கள்

1. தாளை அகலவாக்கில், நீளமான ஓரம் உங்கள் பக்கம் இருக்கும்படி, வையுங்கள். கீழ் ஓரத்தை மேல் ஓரத்தோடு சேர்த்து நீளமாக மடியுங்கள். நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டுப் பிரியுங்கள்.

2. இப்போது இடது ஓரத்தை வலது ஓரத்தோடு சேர்த்து மடித்துப் பிரியுங்கள். பிறகு இரண்டு ஓரங்களையும் நடுக்கோடு வரை கொண்டுவந்து மடித்துப் பிரியுங்கள். எட்டுக் கட்டங்கள் தெரியும். ஏ4 தாள் 29.7 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம். அதனால் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 7.4 செ.மீ. அகலம், 10.5 செ.மீ. உயரம் இருக்கும். சட்டைப் பையில் போகிற அளவு.

3. மறுபடியும் இடமிருந்து வலமாகப் பாதியாக மடியுங்கள். மடிப்பு இருக்கும் பக்கத்தில் இருந்து, நடுவில் ஓடும் கோட்டின் மேலேயே, அடுத்த மடிப்புக் கோடு வரை மட்டும் வெட்டுங்கள். பிள்ளைகள் உற்சாகத்தில் கடைசி வரை வெட்டிவிடுவார்கள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

4. பிரித்தால் தாளின் நடுவில் ஒரு நீளக் கீறல் இருக்கும். தாளை நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாய் திறக்கும், தாள் கூட்டல் குறி மாதிரி நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் புத்தகம் தயார்.

இந்தக் கூட்டல் குறி வரும் நொடியில் வகுப்பே "ஓ" என்று கத்தும். அதற்காகவே முதல் நாள் இதை மட்டும் செய்யுங்கள், எழுத்துவேலை அடுத்த வாரம் இருக்கட்டும்.

எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம்?

நான் முதல் தடவை சறுக்கி விழுந்த இடம் இது. எட்டுக் கட்டங்களிலும் நேராக எழுதி, 1 முதல் 8 வரை வரிசையாகப் போட்டு, 60 பிரதி ஜெராக்ஸும் எடுத்துவிட்டேன். மடித்துப் பார்த்தால் பாதிப் பக்கங்கள் தலைகீழ். அட்டைப்படம் புத்தகத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. அந்தத் தாள்களின் பின்பக்கம் ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போடப் பயன்பட்டது.

வழி சுலபம். மடித்த வெறும் புத்தகத்தில் பக்க எண்களை 1 முதல் 8 வரை எழுதுங்கள். பிறகு பிரித்து மேசைமேல் விரியுங்கள். எங்கள் மாதிரியில் கீழ் வரிசை நேராக இருக்கும்: இடமிருந்து வலம் 6, 7, 8, 1. மேல் வரிசை தலைகீழாக இருக்கும்: 5, 4, 3, 2. நீங்கள் எந்த இலையை அட்டையாக வைத்து மடித்தீர்கள் என்பதைப் பொறுத்து வரிசை மாறலாம். உங்கள் மாதிரி என்ன சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். அந்த மாதிரியைத் தூக்கிப் போடாமல் மேசையில் ஒட்டிவையுங்கள், ஒவ்வொரு மாதமும் தேடுவீர்கள்.

செய்தி பிடிப்பது

மடிப்பு பத்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் இதற்குத்தான். பிள்ளைகளிடம் "செய்தி எழுது" என்றால் கட்டுரை எழுதுவார்கள். எங்கள் முதல் இதழுக்கு வந்த செய்தி இது:

"எங்கள் பள்ளியில் செடி நடும் விழா மிகச் சிறப்பாக நடைபெற்றது. அனைவரும் மகிழ்ச்சியுடன் கலந்துகொண்டனர்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதை எழுத அன்றைக்குப் பள்ளிக்கு வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லையே! அதை எழுதிய பெண்ணிடம் கேட்டேன். என்ன செடி? கறிவேப்பிலை. எங்கே வைத்தீர்கள்? பெயிண்ட் டப்பாவில். யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? தோட்டக் குழுவில் நான்கு பேர், முறை வைத்து. அப்புறம் என்ன ஆச்சு? கொஞ்சம் தயங்கினாள். "அது வேணாம் டீச்சர், அசிங்கம். பூனை வந்து மேல படுத்துடுச்சு."

அச்சில் வந்தது இது:

"மாடிப்படிக்குக் கீழே பழைய பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலைக் கன்று வைத்தோம். மூன்றாம் நாள் பூனை அதன்மேல் படுத்துவிட்டது. இரண்டு இலை போச்சு. இப்போது சுற்றிலும் ஐஸ்கிரீம் குச்சி வேலி. கன்று நலம்."

அன்று மதியம் பள்ளி முழுக்க அந்தப் பெயிண்ட் டப்பாவை எட்டிப் பார்க்க வரிசையில் நின்றது.

அதனால் எங்கள் விதி ஒன்றே ஒன்று. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை எழுது. 'சிறப்பாக', 'இனிதே', 'மகிழ்ச்சியுடன்' மூன்றுக்கும் தடை. தடைப் பட்டியல் கரும்பலகை ஓரத்தில் நிரந்தரமாக இருக்கிறது. சென்ற மாதம் 'கோலாகலமாக' சேர்ந்தது. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளையும் எழுதிப் போட்டிருக்கிறோம். ஆனாலும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால்தான் உண்மையான செய்தி வாயில் இருந்து வருகிறது.

ஒரு கட்டத்தில் பிள்ளைகளின் கையெழுத்தில் முப்பது சொல்தான் பிடிக்கும். அதற்கு மேல் எழுதினால் வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

மும்பைப் பிள்ளைகளின் தமிழ் பற்றியும் சொல்ல வேண்டும். "நாளைக்கு சுட்டி", "நள்ல பானி வரலை" என்றுதான் பேசுவார்கள். செய்தியில் விடுமுறை, குழாய், தண்ணீர் என்று எழுதச் சொல்வேன். ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் போடும்போது மட்டும் அவர் வாயில் வந்தபடியே விடுவேன். ல, ள, ழ பார்க்கத் தனியாக இரண்டு பேர் உண்டு. அவர்களுக்கு 'ழ போலீஸ்' என்று பெயர். ஆசிரியர் திருத்தினால் முகம் சுருங்குகிறது, ழ போலீஸ் பிடித்தால் சிரிக்கிறார்கள்.

எட்டுப் பக்கத்தை எப்படி நிரப்புவது?

பக்கம் 1 அட்டை: பெயர், மாதம், ஒரு படம். 2-ல் பெரிய செய்தி. 3-ல் குழுக்கள்: தோட்டம், வாசிப்பு, கேரம். கேரம் முடிவை எழுதும்போது தோற்றவர் கடைசியாகப் போட்ட காயையும் எழுதச் சொல்லுங்கள். 6-ல் வகுப்புக்கு இரண்டு வரி. 7 விடுகதை. 8-ல் ஆசிரியர் குழு, திருத்தம்.

விடுகதையைப் புத்தகத்தில் இருந்து எடுக்க விடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் தாங்களே கட்டியது: "சயானில் விழுங்கும், தாதரில் துப்பும், ஆனாலும் வயிறு காலியாகாது." சயானும் தாதரும் மும்பை ஸ்டேஷன்கள். விடை, லோக்கல் ரயில் வண்டி.

நடுவில் இருக்கும் 4, 5 பக்கங்கள் பேட்டிக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விரியும் என்பதால் படம் பெரிதாகப் போடலாம். எங்களுக்கு அமைந்த நல்ல பேட்டி ஜூலை இதழில் வந்தது. 26 ஜூலை 2005 அன்று மும்பையில் வெள்ளம். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. அன்று வீட்டில் யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுவரச் சொன்னோம். "வெள்ளம் எப்படி இருந்தது?" என்று கேட்ட பிள்ளைகள் "ரொம்ப பயமா இருந்துச்சு" என்ற ஒரே பதிலோடு திரும்பினார்கள். "அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டவளுக்கு மட்டும் அவள் பாட்டி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். கேள்வி சின்னதாக இருக்கட்டும்.

என்ன செய்தி என்று திணறும் மாதங்களுக்கு நாள்காட்டி கைகொடுக்கும். மகாராஷ்டிரத்தில் பள்ளி ஜூன் நடுவில் திறக்கிறது, முதல் இதழ் மழை இதழ்தான். அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்தநாள். அதை இங்கே வாசிப்பு ஊக்க நாளாக, 'வாசன் பிரேரணா தின்' என்று, கொண்டாடுகிறார்கள். ராமேசுவரத்துக்காரர் பெயரில் மராட்டியப் பள்ளிகளும் புத்தகம் வாசிக்கும் நாள் என்று சொன்னதும் எங்கள் வாசிப்புக் குழுவுக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. ஜனவரி 3 பெண் கல்விக்குப் பாடுபட்ட சாவித்திரிபாய் பூலே பிறந்தநாள், பொங்கலும் அதே மாதம். பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள், 27 மராட்டி மொழி நாள். அந்த இதழில் ஒரு பக்கம் மராட்டியில் போட்டோம். மும்பை மாநகராட்சி தமிழ், மராட்டி உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் ஊர் இது. பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்தும் கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. யார் செருப்பில்லாமல் வந்தது, யாருடைய அப்பாவைத் தலைமையாசிரியர் கூப்பிட்டது, இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சூடான செய்தி. எனக்கு ஒருமுறை அப்படி ஒன்று வந்து, அச்சுக்குப் போகும் முன்பு கடைசி நிமிடத்தில் எடுத்தேன். இப்போது செய்தியில் பெயர் வருகிறவரிடம் முதலில் படித்துக்காட்டுகிறோம். அவர் தலையாட்டினால்தான் தாளில் ஏறும்.

எழுதுவதும் ஜெராக்ஸும்

கோடு போட வெளிர்நீலப் பென்சில். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அது பெரும்பாலும் விழாது, அதனால் அழிக்க வேண்டியதில்லை. எழுத்தும் படமும் கறுப்பு ஜெல் பேனாவில்தான். பென்சில் நிழல் திட்டுத் திட்டாக விழும், நீலப் பால்பாயிண்ட் மங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விடுங்கள், இல்லாவிட்டால் இயந்திரம் ஓர எழுத்துகளைத் தின்றுவிடும். பிழை வந்தால் வெள்ளைத் தாள் துண்டு ஒட்டி அதன்மேல் எழுதலாம். ஒட்டிய ஓரம் ஜெராக்ஸில் கோடாகத் தெரிந்தால் கடைக்காரரிடம் "பாய், கொஞ்சம் லைட்டா எடுங்க" என்று சொன்னால் போதும்.

கீறலை மூலத்தாளில் வெட்டாதீர்கள். அது வெட்டாமல், மடிக்காமல் ஃபைலில் இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, கடையிலேயே மடித்துப் பாருங்கள். 60 தாள் வீணான பிறகு வந்த ஞானம். அளவைச் சுருக்காமல் நூற்றுக்கு நூறு எடுக்கச் சொல்லுங்கள். சுருங்கினால் மடிப்புக் கோடு எழுத்தின் மேல் ஏறும்.

மடிக்கும் வேலையை ஐந்தாம் வகுப்புக்குக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளைவிட அவர்கள் வேகம். மழைக்காலத்தில் சுவரில் ஒட்டும் பிரதியை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டுங்கள், ஜூலையில் இங்கே சுவரே வியர்க்கும்.

திருத்தம் போடுங்கள்

இதழ் வெளிவந்த அன்றே தப்பு தெரியவரும். எங்களுக்கு முதல் புகார் கிச்சடி பரிமாறும் அக்காவிடம் இருந்து வந்தது. கரண்டியோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். தலைமை நிருபர் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த மாதம் எட்டாம் பக்கத்தில், அவனே எழுதி, ழ போலீஸ் பார்த்து, அக்காவிடம் படித்துக்காட்டிப் போட்டது:

"சென்ற இதழில் ஒரு அண்டா கிச்சடியை 40 பேர் சாப்பிட்டதாக எழுதியிருந்தோம். தவறு. 65 பேர். அடிப்பிடித்ததாக எழுதியதும் தவறு. அது வேறு நாள்."